கொசு செய்யாத குற்றம்



நோய்க்கு மருந்து கண்டுபிடிப்பதுதான் பெரிய காரியம் என்று பலரும் நினைக்கிறார்கள். அதற்கு முன்னால் இன்னொரு காரியம் இருக்கிறது. வந்திருப்பது என்ன நோய் என்று சரியாகக் கண்டறிய வேண்டும். அதில் தவறிவிட்டால் பிறகு எடுக்கும் முயற்சி எவ்வளவு பெரியதாக இருந்தாலும் பலன் தராது. மலேசியா இந்தப் பாடத்தை 1998, 1999ஆம் ஆண்டுகளில் மிகுந்த விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது.

1998 செப்டம்பர் இறுதியில், பேரா மாநிலத்தில் ஈப்போவுக்கு அருகே பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்குக் காய்ச்சல் கண்டது. கடுமையான தலைவலி, வாந்தி, தலைசுற்றல், பிறகு நினைவு தவறுதல். சிலர் சில நாள்களிலேயே இறந்தனர். பண்ணை உரிமையாளர்களில் பெரும்பாலோர் சீனர்கள். அங்கு உழைத்தவர்களிலும் நோயில் விழுந்தவர்களிலும் இந்தியர்களும் இருந்தனர். இது மூளைக்காய்ச்சல் என்பதில் மருத்துவர்களுக்குச் சந்தேகம் எழவில்லை. எதனால் வந்தது என்பதே கேள்வி.

அன்று கிடைத்த விடை ஜப்பானிய மூளைக்காய்ச்சல், அதாவது ஜே.இ. இன்று அதைக் குறை சொல்வது எளிது. ஆனால் அந்த நேரத்தில் அது நியாயமாகவே தோன்றியது. ஜே.இ. கிருமி பன்றியின் உடலில் பெருகும். கியூலெக்ஸ் வகைக் கொசு அதை மனிதனுக்குக் கொண்டுவரும். நோய் வந்த இடமோ பன்றிப் பண்ணை. போதாததற்குச் சில நோயாளிகளின் இரத்தத்தில் ஜே.இ. கிருமிக்கு எதிரான எதிர்ப்புப் பொருளும் காணப்பட்டது. ஆகவே அதிகாரிகள் கொசுவை ஒழிக்கப் புகை மருந்து அடித்தார்கள், மக்களுக்கு ஜே.இ. தடுப்பூசி போட்டார்கள்.

நோய் நிற்கவில்லை. பேராவிலிருந்து விற்கப்பட்ட பன்றிகளோடு சேர்ந்து அதுவும் தெற்கே பயணம் செய்தது. நெகிரி செம்பிலானில் சிக்காமாட், சுங்கை நிப்பா, புக்கிட் பெலாண்டோக் என்று ஒவ்வோர் இடமாகப் பரவியது.

சொல்லப்பட்ட விடை பொருந்தவில்லை என்பதற்கான அடையாளங்கள் அப்போதே இருந்தன. ஜே.இ. பெரும்பாலும் பிள்ளைகளைத் தாக்கும் நோய். இங்கே படுக்கையில் விழுந்தவர்களில் பெரும்பாலோர் பண்ணையில் உழைக்கும் ஆண்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களையும் நோய் விடவில்லை. பன்றிகளும் மூச்சுத் திணறி, தூரத்தில் கேட்கும்படி உரக்க இருமின; ஜே.இ. பன்றிகளை இப்படிப் படுத்துவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பண்ணைக்கு அருகில் குடியிருந்தும் பன்றியைத் தொடாதவர்களுக்குப் பெரும்பாலும் நோய் வரவில்லை. கடிக்கும் முன் நீ பன்றியைத் தொட்டவனா, தொடாதவனா என்று கொசு விசாரிக்குமா?

இந்தக் கேள்விகளுக்கு 1999 மார்ச் மாதத் தொடக்கத்தில் பதில் கிடைத்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியல் ஆய்வுக்கூடத்தில், டாக்டர் சுவா காவ் பிங், நோயாளி ஒருவரின் முதுகுத்தண்டு நீரை வளர்ப்பு உயிரணுக்களில் இட்டுக் கவனித்தார். தனித்தனியாக இருக்க வேண்டிய உயிரணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிய கட்டிகளாக மாறியிருந்தன. ஜே.இ. கிருமி இப்படிச் செய்வதில்லை. அவர் அதை அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையத்திற்குக் கொண்டு சென்றார். அதுவரை உலகம் அறியாத கிருமி என்று அங்கே உறுதியானது. நோயாளியின் ஊரான சுங்கை நிப்பாவின் பெயரே கிருமிக்கும் வந்தது. அதுதான் நிப்பா வைரஸ்.

ஆய்வுக்கூடக் கண்ணாடியில் தெரிந்ததுதான் நோயாளியின் உடலுக்குள்ளும் நடக்கிறது. நிப்பா கிருமி சிறிய இரத்தக் குழாய்களின் உட்சுவரைத் தாக்குகிறது. சுவரின் உயிரணுக்கள் ஒட்டிக்கொண்டு வீங்குகின்றன. அங்கே இரத்தம் உறைந்து குழாய் அடைபடுகிறது. இரத்தம் கிடைக்காத மூளைப் பகுதி புள்ளி புள்ளியாக அழிகிறது. நரம்பு உயிரணுக்களையும் கிருமி நேரடியாகத் தாக்குகிறது. குணமாகி வீடு திரும்பியவர்களில் சிலருக்கு மாதங்கள், ஆண்டுகள் கழித்து மீண்டும் மூளைக்காய்ச்சல் வந்ததும் உண்டு.

கிருமியின் மூல இருப்பிடம் பன்றி அல்ல. மலாய்க்காரர்கள் 'கெலுவாங்' என்று அழைக்கும் பழந்தின்னி வௌவால். தியோமான் தீவில் சேகரித்த வௌவால் சிறுநீரிலிருந்து பின்னர் இக்கிருமி பிரித்தெடுக்கப்பட்டது. பண்ணையோரப் பழமரங்களுக்கு வௌவால்கள் வந்தன. அவை கடித்துப்போட்ட பழமும் எச்சமும் பன்றிகளுக்குக் கிருமியைக் கொடுத்தன. பன்றியின் சளியும் சிறுநீரும் அதைத் தொழிலாளியிடம் சேர்த்தன.

உண்மை தெரிந்ததும் வழியும் தெரிந்தது. கொசுவை விரட்டுவதை விட்டுப் பன்றிகளைத் தொடாமல் இருப்பதே காப்பு. 10 லட்சத்திற்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. அந்த வேலைக்கு இராணுவமும் இறங்கியது. அதற்குள் மலேசியாவில் 265 பேர் நோயுற்று 105 பேர் இறந்திருந்தனர். மலேசியப் பன்றிகளை அறுத்த சிங்கப்பூர்த் தொழிலாளர்களில் 11 பேர் பாதிக்கப்பட்டு ஒருவர் இறந்தார். பல குடும்பங்களின் தொழில் அடியோடு போயிற்று.

நேயர்களே, இரத்தப் பரிசோதனையில் ஜே.இ. என்று வந்ததே, அது பொய்யா என்று கேட்கலாம். பொய்யில்லை. எதிர்ப்புப் பொருள் இருந்தால் அந்தக் கிருமியோ அதன் தடுப்பூசியோ உடலுக்குள் வந்திருக்கக்கூடும் என்று பொருள். இன்றைய காய்ச்சலுக்கு அதுதான் காரணம் என்று அது தனியாக நிரூபிப்பதில்லை. பரிசோதனைத் தாளும் நோயாளியின் கதையும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாதபோது தாளை மீண்டும் சந்தேகிக்க வேண்டும்.

இந்தப் பாடம் பயன்பட்டதையும் பார்த்துவிட்டோம். 2018 மே மாதம் கேரளாவின் கோழிக்கோட்டில் ஒரே குடும்பத்தில் இரண்டாவது ஆள் மூளைக்காய்ச்சலோடு மருத்துவமனைக்கு வந்தார். வீட்டில் ஏற்கெனவே ஒருவர் இதேபோல் இறந்திருந்ததை மருத்துவர்கள் கவனித்தனர். வழக்கமான காய்ச்சல் என்று விட்டுவிடாமல் மணிப்பாலில் உள்ள ஆய்வுக்கூடத்திற்கு மாதிரிகளை அனுப்பினர். நிப்பா என்று சில நாள்களில் தெரிந்தது. அங்கேயும் 17 உயிர்கள் போயின. ஆனால் தொடர்பில் இருந்தவர்களைத் தேடித் தனிமைப்படுத்தியதால் நோய் விரைவில் அடங்கியது. ஈப்போவில் தொடங்கிச் சுங்கை நிப்பாவில் பெயர் தெரிய ஐந்து மாதங்களுக்கு மேல் ஆயிற்று. கோழிக்கோட்டில் இரண்டாவது நோயாளியிடமே தெரிந்துவிட்டது.

நிப்பாவுக்கு மனிதர்களுக்கான அங்கீகரிக்கப்பட்ட தடுப்பூசி இன்னும் இல்லை. 2024இல் ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழகம் ஒரு தடுப்பூசியை மனிதர்களிடம் சோதிக்கத் தொடங்கியது. ஆகவே சீக்கிரம் கண்டறிவதே இன்றும் முதல் மருந்து.

அதில் நோயாளிக்கும் பங்கு உண்டு. கிளினிக்கிற்குப் போனால் "காய்ச்சல், தலைவலி" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். என்ன வேலை செய்கிறீர்கள், எந்த மிருகத்தோடு பழகுகிறீர்கள், அண்மையில் எங்கே போய் வந்தீர்கள், வீட்டிலோ வேலையிடத்திலோ வேறு யாருக்காவது இதே நோய் உண்டா என்று மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். பண்ணையில் வேலை செய்வதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. அந்த ஒரு தகவல் உங்கள் உயிரையும், உங்களோடு வேலை செய்பவரின் உயிரையும் காப்பாற்றக்கூடும்.