ஆங்கிலத் தேர்வும் நம் ஏலமலையும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)

இன்று மலைக்கு ஜீப் ஏறாமல் ஒரு நாள் கூலியை விட்டு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, மாணவச் செல்வங்களே!

வெளிநாட்டுப் படிப்புக்கும் செவிலியர் பணிக்கும் செல்வோர் எழுதும் ஆங்கிலத் தகுதித் தேர்வைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். நெடுங்காலம் ஆங்கிலம் கற்பித்தவன் என்பதால் அழைத்திருக்கலாம். அக்காலத்தில் நான் செய்த பிழை ஒன்றை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியவனாக இருக்கிறேன்.

நம் பொதுத்தேர்வில் 100க்கு 35 பெற்றால் தேர்ச்சி. அந்த 35-ஐக் குறிவைத்து, கட்டுரை இரண்டு, கடிதம் இரண்டு என்று எழுதிக் கொடுத்து உருப்போட வைத்தேன். பிள்ளைகள் தேறினார்கள். என்னிடம் பயின்று செவிலியரான பெண் ஒருத்தி, ஐயெல்ட்ஸ் என்று வழங்கும் தேர்வுக்குச் சென்றாள். பேச்சுத் தேர்வில், தான் நன்கறிந்த ஓரிடத்தைப் பற்றிப் பேசுமாறு கூறும் அட்டை வந்தது. அவள் தாஜ்மகாலைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். அவள் ஆக்ராவைக் கண்டதே இல்லை. மூன்றாம் வாக்கியத்தில் வரி மறந்தது, நா எழவில்லை.

"போடிமெட்டைச் சொல்லியிருக்கலாமே, தாயி" என்றேன்.

"அங்கே உன் அம்மா என்ன வேலை பார்க்கிறார் என்று அடுத்துக் கேட்டுவிட்டால் என்ன சொல்வது, சார்?" என்றாள்.

அந்தத் தாஜ்மகால் கட்டுரையைப் பத்தாம் வகுப்பில் அவளுக்கு எழுதிக் கொடுத்தவன் நானே.

இத்தேர்வு நான்கு பகுதிகளைக் கொண்டது. கேட்டல் ஏறத்தாழ 30 நிமிடம், 40 வினாக்கள்; ஒலிப்பதிவு ஒரே முறைதான் ஒலிக்கும். படித்தல் 60 நிமிடம், 40 வினாக்கள். எழுதுதல் 60 நிமிடம். 150 சொல்லில் ஒன்று, 250 சொல்லில் ஒன்று. பின்னதற்கே மதிப்பு இருமடங்கு. பேசுதல் 11 முதல் 14 நிமிடம். தேர்ச்சி, தோல்வி என்பது இல்லை. 9 வரை தரப்புள்ளி உண்டு. இங்கிலாந்தில் செவிலியராகப் பதிவு செய்யக் கேட்டல், படித்தல், பேசுதலில் 7-உம், எழுதுதலில் 6.5-உம் வேண்டும். உருப்போட்ட விடை என்று தேர்வாளர் கண்டுகொண்டால் புள்ளி குறையும். நம் பள்ளிகள் கண்ணையும் கையையும் பழக்கினவேயன்றிச் செவியையும் நாவையும் பழக்கவில்லை. தொடக்கம் அங்கிருந்தே அமைய வேண்டும்.

நாள்தோறும் காலையில் பத்து நிமிட ஆங்கிலச் செய்தியை ஒரே முறை கேட்டு, பிடிபட்டதை எழுதுங்கள். பிறகு மறுமுறை கேட்டுத் திருத்துங்கள். குரங்கணி, கொட்டகுடிப் பிள்ளைகள் கைபேசியில் முன்னரே பதிவிறக்கி வைத்துக்கொள்வது நல்லது. மலையில் தொடர்பை நம்பியிருக்க இயலாது.

எழுத்துப் பயிற்சிக்குப் புத்தகம் வாங்க வேண்டிய அவசியமில்லை. ஏலக்காய் ஏலத்தில் வந்த அளவு, விற்ற அளவு, உயர்ந்த விலை, சராசரி விலை ஆகியவற்றை நறுமணப்பொருள் வாரியம் வெளியிட்டு வருகிறது. ஒரு மாத விலையை வரைபடமாக்கி, இருபது நிமிடத்தில் 150 சொல்லில் ஆங்கிலத்தில் விவரியுங்கள். ஏறியது, சரிந்தது, நிலைத்தது என்ற வினைச்சொற்கள் அனைத்தும் அதற்குள் வந்துவிடும். வரைபடத்தைக் கண்டு நகரத்துப் பிள்ளை திகைக்கலாம். விலை சரிந்தால் வீட்டில் என்ன நேரும் என்றறிந்த நம் பிள்ளை திகைக்க வேண்டியதில்லை.

பேச்சில், ஒரு நிமிடம் சிந்தித்து இரண்டு நிமிடம் வரை பேச வேண்டும். செடியின் அடியில் படரும் சரத்தில் முற்றிய காயை மட்டும் எடுத்து, இளங்காயை அடுத்த சுற்றுக்கு விடுவது ஏன்? ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் ஒரு கிலோ ஆவது எப்படி? இதைச் சொல்ல உருப்போட்ட வரி எதற்கு? 1930-இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் ஆங்கிலத்தில் எடுத்துரைத்தது தம் மக்களின் நிலையைத்தான். அதைச் சொல்ல அவர்கள் கூசவில்லை.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். கட்டணம் பல ஆயிரம் ரூபாய். அது எத்தனை நாள் கூலி என்பதைத் தாய்மார்கள் என்னைவிட நன்கறிவார்கள். தரப்புள்ளி இரண்டாண்டுக்கே பொதுவாகச் செல்லும். ஆதலால் மாதிரித் தேர்வில் வேண்டிய புள்ளி இருமுறையேனும் வரும்வரை பணம் கட்ட வேண்டாம். தாட்கோ வழியே இத்தேர்வுகளுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டுள்ளது. தனியாரிடம் பணம் கட்டுமுன் மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள்.

அந்தப் பெண் மீண்டும் எழுதினாள். பேச்சில் 7 வந்தது; எழுத்தில் 6-தான். மூன்றாம் முறைக்கு ஆயத்தமாகி வருகிறாள்.

வரும் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு நம் கழகக் கட்டடத்தில் முதல் வகுப்பு. தாய்மார்களில் ஒருவர் வந்து காய் எடுக்கும் வேலையைத் தமிழில் விளக்க வேண்டும். பிள்ளைகள் அதை ஆங்கிலத்தில் சொல்வார்கள். யார் வருகிறீர்கள் என்று கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.