ஏழாம் கட்டைச் செய்தியும் கலிபோர்னியா விதியும்



கண்டியிலிருந்து மாத்தளைக்குப் போகும் ஏ9 வீதியில், ஏறத்தாழ பத்தாவது கிலோமீற்றரில் இருக்கிறது அக்குறணை. பெருமழை பெய்தால் பிங்கா ஓயா பெருகி ஏழாம் கட்டைக் கடைவீதிக்குள் வந்துவிடும். அன்றைக்கு அந்தப் பக்கம் போகிறவர் முதலில் கேட்பது, "ஏழாம் கட்டையில் தண்ணி நிக்குதா?" என்றுதான். கொழும்புப் பத்திரிகையில் பதில் மறுநாள் வரும். ஊர்ச் செய்தி போடும் இணையத்தளத்தில் உடனே வந்துவிடும். ஜனாஸா அறிவித்தலும் அப்படித்தான். யார் மௌத்தானார், தொழுகை எந்தப் பள்ளிவாசலில், நல்லடக்கம் எத்தனை மணிக்கு: மொத்தம் மூன்று வரி.

அந்த மூன்று வரியைப் போடுகிறவருக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் கலிபோர்னியாவிலுள்ள கூகுளின் அட்சென்ஸ் விளம்பரத்திலிருந்து. 2003 ஜூனில் தொடங்கிய இந்த ஏற்பாடு தமிழ்ப் பக்கங்களை முறையாக ஏற்றுக்கொண்டது 2018 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் சிலர் ஆங்கிலத்தில் நாலு கட்டுரை போட்டு அனுமதி வாங்கி, பிறகு தமிழுக்கு மாறினார்கள். கண்டுபிடிக்கப்பட்டால் கணக்கு போய்விடும். அனுமதி கிடைத்தாலும் பணம் உடனே கைக்கு வராது. பத்து டொலர் சேர்ந்ததும் முகவரியை உறுதிப்படுத்த ஓர் இரகசிய எண் தபாலில் வரும். நூறு டொலர் சேர்ந்தால்தான் வங்கிக்கு அனுப்புவார்கள்.

விதிகளில் ஊருக்குப் பிடிபடாதது ஒன்று உண்டு. "நம்மட புள்ளைட வெப்சைட்தானே, உதவியாக இருக்கட்டும்" என்று சொந்தக்காரர்கள் வரிசையாக விளம்பரத்தை அழுத்துவார்கள். கூகுளின் கணக்கில் அது செல்லாத சொடுக்கு. விளம்பரத்தைக் குறைத்துவிடும், மீறினால் கணக்கையே மூடிவிடும். அன்பு காட்டியவர்களால் வருமானம் போவது இந்தத் தொழிலில் மட்டும்தான் என்று நினைக்கிறேன். விபத்தின் இரத்தப் படத்தைப் போட்டாலும் அந்தப் பக்கத்தில் விளம்பரம் நின்றுவிடும். அது நல்லதுதான்.

இனி, தளக்காரர் தாமே போட்டுக்கொள்ளும் தடை. நோன்பு காலத்தில் நோன்பு திறக்கும் நேரத்தைப் பார்க்க ஒரு தாய் பக்கத்தைத் திறக்கிறார். நேர அட்டவணைக்கு மேலே காதல் துணை தேடித் தரும் விளம்பரம் வந்தால்? அவர் இன்னொரு தடவை அந்தப் பக்கம் வரமாட்டார். ஆகவே துணை தேடல், சோதிடம், மாந்திரீகம் போன்ற வகைகளை அமைப்பில் அடைத்துவிடலாம். ஆனால் அட்சென்ஸ் ஏல முறையில் நடப்பது. கேட்பவர் குறைந்தால் விலையும் குறையும். ஏற்கெனவே இலங்கை வாசகருக்குக் கிடைக்கும் விலை சொற்பம். அதே பக்கத்தை கட்டாரிலிருந்தோ டுபாயிலிருந்தோ ஊர்க்காரர் திறந்தால் பொதுவாகக் கூடுதலாகக் கிடைக்கும். மரியாதைக்கு விலை உண்டு என்பதை டொலர் கணக்கிலேயே பார்க்கலாம்.

வாசகர் வந்து சேரும் வழியும் தளக்காரர் கையில் இல்லை. 2018 ஜனவரியில் பேஸ்புக் தன் ஒழுங்கை மாற்றி, செய்தித் தளங்களைப் பின்தள்ளி, நண்பர்களின் பதிவுகளை முன்னே கொண்டுவந்தது. மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களுக்கு எதிரான திகன வன்செயல், அக்குறணையும் தாக்கப்பட்டது. அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் ஒரு வாரமளவில் முடக்கியது. பேஸ்புக்கை மட்டுமே நம்பியிருந்த தளத்துக்கு, ஊர் செய்திக்குத் தவித்த அந்த நாட்களிலேயே வழி அடைபட்டது. முகவரியைத் தாமே தட்டி வரப் பழகிய வாசகர்களுக்குத் தளம் திறந்துதான் இருந்தது.

கூகுள் தேடலும் நிலையாக நிற்பதில்லை. 2022 ஆகஸ்டில் ஒரு மாற்றம், 2024 மார்ச்சில் அதைவிடப் பெரியது. தரம் குறைந்த, பிறரிடமிருந்து எடுத்தெழுதிய பக்கங்களைப் பின்னுக்குத் தள்ளுவதே நோக்கம் என்றார்கள். எனக்கு இதில் முழு வருத்தம் இல்லை. கொழும்புச் செய்தியை அப்படியே வெட்டி ஒட்டிப் பக்கம் நிரப்பிய தமிழ்த் தளங்கள் நம்மிடம் நிறையவே உண்டு. கவலை வேறிடத்தில். மூன்று வரி ஜனாஸா அறிவித்தல் ஓர் இயந்திரத்துக்கு மெலிந்த பக்கமாகத் தெரியக்கூடும். ஊருக்கு அன்றைய தலைப்புச் செய்தியே அதுதான். அட்சென்ஸ் விண்ணப்பங்களுக்கு வரும் மறுப்பிலும் "மதிப்புக் குறைந்த உள்ளடக்கம்" என்ற காரணம் அடிக்கடி இருக்கும்.

இப்போது கூகுள் தேடலில் செயற்கை நுண்ணறிவுச் சுருக்கமும் சேர்ந்திருக்கிறது. 2024 ஒக்டோபரில் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்கு அதை விரித்தார்கள். பதில் தேடல் பக்கத்தின் தலையிலேயே கிடைத்தால் வாசகர் உள்ளே வரவேண்டியதில்லை; வராதவருக்கு விளம்பரம் காட்டவும் முடியாது. தேடலில் கூகுள் சட்டவிரோத ஏகபோகம் நடத்துகிறது என்று 2024 ஆகஸ்டிலும், விளம்பரத் தொழில்நுட்பத்தின் சில பகுதிகளில் அப்படியே என்று 2025 ஏப்ரலிலும் அமெரிக்க நீதிமன்றங்கள் தீர்ப்புச் சொன்னது உண்மை. அக்குறணைத் தளக்காரரின் இந்த மாதக் கணக்கை அது மாற்றிவிடாது.

அவர் செய்யக்கூடியது பக்கத்திலேயே இருக்கிறது. புடவைக் கடை, தளபாடக் கடை, மருந்தகம், உம்ரா பயண முகவர் ஆகியோரிடம் மாத வாடகைக்கு நேரடி விளம்பரம் வாங்கலாம். எந்தப் படம் வருகிறது என்பதை அவரே பார்த்துப் போடலாம். ஏலம் இல்லை, தபாலில் வரும் எண்ணும் இல்லை. பாக்கிப் பணத்தைக் கடைக்காரரிடம் மூன்று தடவை போய்க் கேட்க வெட்கப்படாதவராக மட்டும் அவர் இருக்க வேண்டும்.