கொடுக்கும் கையும் வாங்கும் கையும்

(கரிவலம்வந்தநல்லூரில் நடந்த தொடக்க, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் கூட்டத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



பால்வண்ணநாதர் கோயில் கொண்ட ஊரில் நின்று பாலைப் பற்றிப் பேசப் போகிறேன். அதுவும் பசும்பால் இல்லை, பால் பவுடர். அதற்குக் காரணம் உங்களில் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி. அவர் எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்துகிற ஆசிரியை. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவிகளை 90 நாட்களுக்கு நிறுத்தி வைத்தது. ஜூலை முதல் தேதியோடு, 1961 முதல் இயங்கி வந்த யு.எஸ்.எய்ட் என்ற உதவி நிறுவனம் தன் பணிகளை நிறுத்திக்கொண்டது. செய்தித்தாளில் இதைப் படித்த ஒரு மாணவன் வகுப்பில் எழுந்து, "டீச்சர், பணக்கார நாடு ஏன் நமக்கெல்லாம் கொடுக்கணும்? கொடுத்துட்டு ஏன் நிறுத்தணும்?" என்று கேட்டானாம். "என்ன பதில் சொல்வது சார்?" என்று ஆசிரியை என்னிடம் கேட்டார்.

அந்தப் பதிலை என் அலுமினியப் போணியிலிருந்து தொடங்குகிறேன்.

1960களில் இந்த வட்டாரத்துக் கிராமப் பள்ளி ஒன்றில் நான் படித்தேன். புத்தகப் பையில் சிலேட்டு இருக்கும், கையில் போணி இருக்கும். பெரிய அண்டாவில் வெந்நீர் ஊற்றிப் பவுடரைக் கரைப்பார்கள். சரியாகக் கரையாமல் கட்டி கட்டியாக நிற்கும். அந்தக் கட்டி யார் போணியில் விழும் என்று எங்களுக்குள் போட்டி. மத்தியானம் கோதுமை ரவையில் உப்புமா, சில நாள் மஞ்சள் சோள மாவில் கிண்டியது. சாக்குப் பையின் மேல் இரண்டு கைகள் குலுக்குவது போல ஒரு படம். அது அமெரிக்க மக்களின் கொடை என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது என்று எங்கள் வாத்தியார் சொன்னார்.

அந்தப் பாலையும் கோதுமையையும் கொண்டுவந்தது 'கேர்' என்ற அமைப்பு. 1961 முதல் சென்னை மாநில மதிய உணவுத் திட்டத்துக்கு அது பொருள் கொடுத்தது. இந்தக் கேர் முதலில் யாருக்காகத் தொடங்கப்பட்டது தெரியுமா? ஐரோப்பாவுக்காக. இரண்டாம் உலகப் போர் முடிந்து பசியில் கிடந்த ஐரோப்பிய மக்களுக்கு உணவுப் பொட்டலம் அனுப்ப 1945இல் உருவானது அது. முதல் பொட்டலங்கள் 1946இல் பிரான்சுக்குப் போய் இறங்கின. இன்று பிறருக்குக் கொடுக்கிற நாடுகளில் பலவும் ஒரு காலத்தில் வரிசையில் நின்று வாங்கியவைதான். வகுப்பில் பிள்ளைகளுக்கு முதலில் இதைச் சொல்லுங்கள். வாங்குவது ஒரு நாட்டின் தலையெழுத்து அல்ல, அது ஒரு காலகட்டம்.

அமெரிக்கா ஏன் கொடுத்தது? இரக்கம் இருந்தது. அதோடு வேறு கணக்கும் இருந்தது. அங்கே விவசாயிகள் விளைவித்த கோதுமை கிடங்குகளில் மிஞ்சிக் கிடந்தது. விலை சரியாமல் இருக்க அதை எங்காவது அனுப்பியாக வேண்டும். 1954இல் பி.எல்.480 என்ற சட்டம் வந்தது. மிஞ்சிய தானியத்தை ரூபாய்க்கு விற்கவும், தொண்டு அமைப்புகள் மூலம் இலவசமாகக் கொடுக்கவும் அந்தச் சட்டம் வழி செய்தது. என் போணியில் விழுந்த உப்புமாவில் அந்த நாட்டு மக்களின் அன்பும் இருந்தது, அந்த நாட்டு விவசாயியின் விலைக் கவலையும் இருந்தது, சோவியத் ஒன்றியத்தோடு நடந்த பனிப்போரும் இருந்தது. அதனால் என் பசி ஆறவில்லை என்று சொன்னால் நான் நன்றி கெட்டவன். அன்பு மட்டுமே இருந்தது என்று சொன்னால் நான் விவரமில்லாதவன்.

1965, 66இல் மழை பொய்த்தது. 1966இல் மட்டும் ஏறத்தாழ 1 கோடி டன் தானியம் இறக்குமதி செய்தோம். அதில் பெரும்பகுதி அமெரிக்கக் கோதுமை. அப்போதைய குடியரசுத் தலைவர் ஜான்சன் ஆண்டுக் கணக்கில் ஒப்பந்தம் போட மறுத்தார். கொஞ்சம் கொஞ்சமாக, தன் பார்வையில் வைத்துக்கொண்டு அனுப்பினார். நம் வேளாண் கொள்கையை மாற்ற வேண்டும் என்பது ஒரு காரணம். வியட்நாம் போரை இந்தியா கண்டித்ததும் அவருக்கு உறுத்தியது. கப்பல் வந்தால்தான் அடுப்பு எரியும் என்ற நிலை. கயிறு அடுத்தவர் கையில் இருந்தால் எவ்வளவு நல்ல கயிறாக இருந்தும் பயன் என்ன?

அந்த நேரத்தில் மத்திய உணவு, வேளாண் அமைச்சராக இருந்தவர் நம் சி.சுப்பிரமணியம். 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைரகக் கோதுமை விதை இறக்குமதி ஆனது. எம்.எஸ்.சுவாமிநாதன் போன்ற அறிவியலாளர்கள் துணை நின்றார்கள். அந்த விதைகளை உருவாக்கிய மெக்சிகோ ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்ததும் ஓர் அமெரிக்க அறக்கட்டளைதான், ராக்பெல்லர் அறக்கட்டளை. ஆகவே உதவி என்பது ஒரே பொருள் அல்ல. தின்று தீர்க்கிற கோதுமையும் உதவிதான், விதைக்கிற கோதுமையும் உதவிதான். முன்னது அடுத்த கப்பலுக்குக் காத்திருக்க வைக்கும். பின்னது காத்திருப்பதை முடித்து வைக்கும்.

இனி நம் மதிய உணவுக்கு வருகிறேன். கேர் வந்ததால் நம் திட்டம் பிறந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை. காமராசர் 1956இலேயே, அன்று நம் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த எட்டயபுரத்தில், அதைத் தொடங்கி வைத்துவிட்டார். கல்வித்துறை இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய் மக்களின் பங்கைத் திரட்டினார். அரிசி கொடுத்தவர், காய் கொடுத்தவர், விறகு கொடுத்தவர் எல்லாரும் நம் ஊர்க்காரர்கள். அடுப்பை நாம் மூட்டிய பிறகு கேர் வந்து அதில் விறகு போட்டது. அதனால்தான் அந்த விறகு குறைந்தபோதும் அடுப்பு அணையவில்லை. 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார், 1984இல் 15 வயது வரையான மாணவருக்கும் நீட்டினார். 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவும் தொடங்கியது. இவை மாநிலத்தின் பட்ஜெட்டில் நிற்பவை. ஒரு நாட்டுத் தலைவர் கையெழுத்துப் போட்டு இவற்றை நிறுத்த முடியாது.

எல்லா இடத்திலும் இப்படி நடக்கவில்லை. ஹைத்தியில் மலிவான அமெரிக்க அரிசி இறங்கி, உள்ளூர் நெல் விவசாயி நொடிந்தார். அந்தக் கொள்கை தவறு என்று பில் கிளின்டனே 2010இல் ஒப்புக்கொண்டார். மறுபக்கம், 2003இல் அமெரிக்கா தொடங்கிய பெப்ஃபார் திட்டத்தால் ஆப்பிரிக்காவில் இலட்சக்கணக்கான எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு மாத்திரை கிடைத்தது. அப்படிப்பட்ட உதவியைத் திடீரென்று நிறுத்தினால் பாதிக்கப்படுவது கொள்கை வகுத்தவர் அல்ல, மாத்திரைக்கு வந்து வரிசையில் நிற்கும் தாய்.

கணக்கு ஆசிரியர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். 1970 அக்டோபரில் ஐ.நா. பொதுச்சபை ஒரு இலக்கு வைத்தது. பணக்கார நாடுகள் தங்கள் தேசிய வருமானத்தில் 0.7 விழுக்காடு உதவியாகத் தர வேண்டும் என்பது அது. 100 ரூபாய் சம்பாதித்தால் 70 காசு. 2024இல் அந்த நாடுகள் சேர்ந்து கொடுத்தது 100 ரூபாய்க்கு 33 காசு. இலக்கை எட்டியவை டென்மார்க், நார்வே, சுவீடன், லக்சம்பர்க் ஆகிய நான்கே. தொகையில் மிக அதிகம் கொடுத்த அமெரிக்கா, வருமானத்தோடு ஒப்பிட்டால் 22 காசுதான் கொடுத்தது. பிரிட்டன் 2027க்குள் 30 காசாகக் குறைக்கப் போவதாக அறிவித்திருக்கிறது. தம் நாட்டுக்குள் வந்த அகதிகளுக்கு முதலாண்டில் செய்கிற செலவைக்கூட இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள அவர்களுக்கு இடம் உண்டு. விழுக்காடு பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

இப்போது அந்த மாணவனின் கேள்விக்கு இன்னொரு பாதி. நாம் வாங்கியவர்கள் மட்டும்தானா? 2022இல் இலங்கை பொருளாதார நெருக்கடியில் தத்தளித்தபோது தமிழ்நாடு 40,000 டன் அரிசியும், 500 டன் பால் பவுடரும், 28 கோடி ரூபாய் மதிப்புள்ள மருந்தும் அனுப்பத் தீர்மானித்தது. தமிழருக்கு மட்டும் என்று பிரிக்காமல் எல்லா மக்களுக்கும் கொடுங்கள் என்று அங்குள்ள தமிழ்த் தலைவர்களே கேட்டுக்கொண்டார்கள். அப்படியே நடந்தது. மே மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து முதல் கப்பல் புறப்பட்ட செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். 'பால் பவுடர்' என்ற சொல் காதில் விழுந்ததும் என் போணி நினைவுக்கு வந்துவிட்டது. ஒரே ஆயுளில் வாங்கும் வரிசையையும் கொடுக்கும் கப்பலையும் பார்த்துவிட்டேன்.

நண்பர்களே, இது நாடுகளின் கதை மட்டும் இல்லை. 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் 2022இல் வந்த பிறகு நாமும் நன்கொடை பெறுகிறோம். நல்ல காரியம். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும், இது என் பிழை. நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளி ஒன்றுக்கு நோட்டுப் புத்தகம் கொடுக்க ஓர் அமைப்பினர் வந்தார்கள். முக்கிய விருந்தினர் வரத் தாமதமானது. படம் எடுப்பதற்காகப் பிள்ளைகளை வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்தேன். வறுமையில் உள்ள பிள்ளையை முன்னால் நிறுத்துங்கள் என்றார்கள். ஒரு சிறுமியைக் கைப்பிடித்து முன்னே கொண்டுவந்து நிறுத்தியதும் நான்தான். மறுநாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "எங்க வீட்டில ஒண்ணும் இல்லைன்னு எல்லாருக்கும் காட்டிட்டீங்களே சார்" என்றாள். நோட்டு பிரிக்கப்படாமல் மாடக்குழியில் கிடந்தது.

எங்கள் பழைய வாத்தியார் இதை அன்றே அறிந்திருந்தார். வசதியான வீட்டுப் பிள்ளைகள் கேர் பாலைக் கேலி செய்தபோது, அவர் தன் டம்ளரை அண்டாவில் முக்கி எங்களோடு உட்கார்ந்து குடித்தார். கட்டி விழுந்தால் சிரித்துக்கொண்டே மென்றார். அதன் பிறகு யாரும் கேலி செய்யவில்லை. அவர் பாலின் ருசியை மாற்றவில்லை, வாங்குகிறவனின் தலையை நிமிர்த்தி வைத்தார்.

ஆகவே, ஓர் உதவியைப் பற்றிப் பேசும்போது மூன்று கேள்விகளைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். அது வெளிநாட்டிலிருந்து வந்தாலும் சரி, பக்கத்துத் தெருவிலிருந்து வந்தாலும் சரி. இது வேண்டும் என்று யார் சொன்னது, கொடுப்பவரா வாங்குபவரா? கொடுப்பவர் போன பிறகு இதை யார் தொடர்வார்கள்? வாங்குகிறவர் தலை நிமிர்ந்து வாங்குகிறாரா? மூன்றுக்கும் நல்ல பதில் இருந்தால் தயங்காமல் வாங்கலாம். நமக்குக் கொடுக்க வாய்ப்பு வரும்போதும் இதே மூன்றைக் கேட்டுவிட்டுக் கொடுக்க வேண்டும்.

அந்தச் சாக்கில் இருந்த இரண்டு கைகளை நினைத்துப் பார்க்கிறேன். எது கொடுக்கும் கை, எது வாங்கும் கை என்று அந்தப் படத்தில் தெரியாது. அந்தச் சாக்கு சொன்னது எல்லாம் நடந்துவிடவில்லை. ஆனால் நம் வகுப்பறையில் அதை நடத்திக் காட்ட நம்மால் முடியும். அந்த ஆசிரியை நாளை வகுப்புக்குப் போய் இதைச் சொல்வார் என்று நம்புகிறேன்.