இருபது பவுணில் முடிந்த சமாதானம்
நைஜீரிய உள்நாட்டுப் போர் புகட்டும் பாடம்

(வாசகசாலை ஒன்றில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவு)



போர் எப்படி மூண்டது என்று பேசுவோர் பலர். போர் முடிந்த மறுநாட் காலையில் என்ன நடந்தது என்று கேட்போர் மிகச் சிலர். அந்த மறுநாட் காலையைப் பற்றியே இன்று பேச எண்ணினோம். சொந்த நாட்டைப் பற்றிப் பேசும்போது கோபம் முந்திக்கொள்ளும். அயல் நாடொன்றைப் பற்றிப் பேசினால் அறிவுக்குக் கொஞ்சம் இடம் கிடைக்கும். ஆகவே ஆபிரிக்கக் கண்டத்திலே சனத்தொகையில் முதலிடம் வகிக்கும் நைஜீரியாவை எடுத்துக்கொண்டோம். வழக்கொன்றின் பத்திரங்களை ஒவ்வொன்றாகப் புரட்டுவதுபோல் அந்நாட்டின் கதையைப் புரட்டிப் பார்ப்போம்.

சமஷ்டி சரிந்த விதம்

1960-ம் ஆண்டு ஒக்டோபர் 1-ந் திகதி நைஜீரியா சுதந்திரம் பெற்றது. வடக்கே ஹவுசா-புலானி மக்கள், மேற்கே யொருபா மக்கள், கிழக்கே இக்போ மக்கள் என மூன்று பெரிய இனத்தவர். அவர்களிடையே நூற்றுக்கணக்கான சிறிய இனத்தவர். அரசியலமைப்பு சமஷ்டிதான். ஆனால் அந்தச் சமஷ்டியில் வட மாகாணத்தின் பரப்பும் சனத்தொகையும் ஏனைய பகுதிகள் எல்லாம் சேர்ந்தாலும் மிஞ்சி நின்றன. ஒரு தட்டு என்றென்றும் தாழ்ந்தே கிடக்கும் தராசிலே நீதி நிறுக்க முடியுமா?

1966-ம் ஆண்டு ஜனவரி 15-ந் திகதி இளம் இராணுவ அதிகாரிகள் சிலர் புரட்சி செய்தனர். பிரதமர் அபுபக்கர் தபாவா பலேவாவும் வட மாகாண முதல்வர் அகமது பெல்லோவும் கொல்லப்பட்டனர். புரட்சி செய்தோரில் பெரும்பாலோர் இக்போ இனத்தவர். கொலையுண்ட தலைவர்களோ பெரும்பாலும் வேற்றினத்தவர். புரட்சியை அடக்கி ஆட்சியைக் கைப்பற்றிய தளபதி இரொன்சியும் இக்போ இனத்தவரே. அவர் அதே ஆண்டு மே மாதம் 34-ம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் சமஷ்டியை ஒழித்து ஒற்றையாட்சியைப் பிரகடனம் செய்தார். மக்களின் சம்மதத்தைக் கேளாமல், ஒரு பேனாவின் கீறலால் ஒரு நாட்டின் அமைப்பையே மாற்றிவிடலாம் என்று எண்ணிய பேதைமையை என்னென்பது! வடக்கே கலகம் மூண்டது. யூலை மாதம் இரண்டாவது இராணுவப் புரட்சியில் இரொன்சி கொல்லப்பட்டார். யாக்குபு கோவன் ஆட்சிக்கு வந்தார். ஒற்றையாட்சிக் கட்டளை மீட்கப்பட்டது. ஆனால் அதற்குள் காலம் கடந்துவிட்டது. வடபகுதி நகரங்களில் வாழ்ந்த இக்போ மக்கள் ஆயிரமாயிரமாக வெட்டிக் கொல்லப்பட்டனர். பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு கிழக்கே ஓடினர்.

ஒப்பந்தம் ஒன்று, வியாக்கியானம் இரண்டு

1967-ம் ஆண்டு ஜனவரியில் கானா நாட்டின் அபுரி என்னுமிடத்தில் கோவனும் கிழக்கு மாகாண இராணுவ ஆளுநர் ஒஜுக்வுவும் ஒரே மேசையில் அமர்ந்தனர். மாகாணங்களுக்கு அதிகாரம் மிகுந்ததோர் ஏற்பாட்டுக்கு உடன்பாடு காணப்பட்டது. ஆனால் இரு சாராரும் ஊர் திரும்பியதும் அதே உடன்பாட்டுக்கு வெவ்வேறு பொருள் கூறத் தலைப்பட்டனர். மார்ச் மாதம் வெளிவந்த கட்டளைச் சட்டம் ஒரு கையால் அதிகாரத்தைக் கொடுத்தது. அவசரகால வாசகத்தின் மூலம் மறு கையால் அதை எடுத்துக்கொள்ளவும் வழி வைத்தது. கிழக்கு அதை ஏற்கவில்லை. நீதிமன்றங்களில் வாதாடும் எமக்கு இது புதினமன்று. வாசகம் தெளிவில்லாத உறுதியால் அண்ணன் தம்பியே வழக்காடுவர். வாசகம் தெளிவில்லாத ஒப்பந்தத்தாலோ இனங்கள் போராடி மடியும்.

மே 27-ந் திகதி கோவன் நாட்டைப் 12 மாநிலங்களாகப் பிரித்தார். 30-ந் திகதி ஒஜுக்வு கிழக்கைப் பயாப்ரா என்னும் தனி நாடாகப் பிரகடனம் செய்தார். யூலையில் போர் தொடங்கிற்று. முப்பது மாதம் நடந்த அப்போரில் குண்டுக்கு இரையானவர்களிலும் பட்டினிக்கு இரையானவர்களே மிகப் பலர். மாண்டவர் தொகை பத்து இலட்சம் என்போரும் உளர். முப்பது இலட்சம் என்போரும் உளர். வயிறு வீங்கி, தலைமயிர் செம்பட்டை பாய்ந்து, எலும்புந் தோலுமாய் நின்ற பயாப்ராக் குழந்தைகளின் படங்களை உலகம் கண்டு கண்ணீர் வடித்தது. 1970-ம் ஆண்டு ஜனவரியில் ஒஜுக்வு நாட்டை விட்டு வெளியேறினார். அவருக்கு அடுத்த நிலையிலிருந்த பிலிப் எபியோங் 15-ந் திகதி லாகோஸ் நகரில் சரணாகதிப் பத்திரத்தைக் கையளித்தார்.

வென்றவரின் பெருந்தன்மை

அன்று கோவன் சொன்ன வாக்கு உலகப் பிரசித்தி பெற்றது. வென்றவருமில்லை, தோற்றவருமில்லை என்றார் அவர். புனர்நிர்மாணம், புனர்வாழ்வு, நல்லிணக்கம் ஆகிய மூன்றும் அரசின் கொள்கை என்றார். நியாயமாகப் பேசுவோமானால், அவ்வாக்கு வெறும் அலங்கார வார்த்தையன்று. நாடெங்கும் இனப் படுகொலை நடக்கும் என்று உலகம் அஞ்சியது, அது நடக்கவில்லை. தோற்ற பக்கத்துத் தளபதிகளை வரிசையாகத் தூக்குமேடைக்கு அனுப்பவில்லை. போருக்கு முன் அரசாங்க சேவையில் இருந்த இக்போ உத்தியோகத்தர் பலர் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். இன்சுக்காவிலிருந்த சர்வகலாசாலை அதே ஆண்டிலேயே மீண்டும் திறக்கப்பட்டது. 1973-ல் தேசிய இளைஞர் சேவை தொடங்கப்பட்டது. பட்டம் பெற்ற இளைஞன் தன் சொந்த மாநிலத்தில் அன்றி வேறொரு மாநிலத்தில் ஓராண்டு சேவை செய்ய வேண்டும் என்பது அதன் விதி. இவற்றையெல்லாம் மறைத்துப் பேசுவது அறமாகாது.

இருபது பவுண்

ஆனால், அன்பர்களே, மன்னிப்பு வேறு, நீதி வேறு. மன்னிப்பு உயிரைக் காக்கும். அந்த உயிர் வாழ்வதற்குச் சோறு வேண்டும், கூரை வேண்டும், கடை வைக்க முதல் வேண்டும். இங்கேதான் வென்றவரின் வாக்கு வழுக்கி விழுந்தது.

போர் நடந்துகொண்டிருந்த 1968-ன் தொடக்கத்திலேயே நைஜீரிய அரசு தன் நாணயத் தாள்களை மாற்றிவிட்டது. கிழக்கே சேர்த்து வைத்திருந்த பழைய தாள்கள் வெறுங் கடதாசி ஆயின. போர் முடிந்தபின் பயாப்ரா நாணயமும் வெறுங் கடதாசி ஆயிற்று. அடுத்து 1970-ல் வங்கிக் கணக்குகளைப் பற்றி ஒரு கட்டளை பிறந்தது. போர்க்காலத்தில் கொடுக்கல் வாங்கல் நடந்த கணக்குக்கு உரியவர், எவ்வளவு பணம் இட்டிருந்தாலும் 20 பவுண் மாத்திரமே பெறலாம் என்றாயிற்று. ஐம்பது பவுண் வைத்திருந்த ஆசிரியருக்கும் இருபது. ஐயாயிரம் பவுண் வைத்திருந்த வியாபாரிக்கும் இருபது! பயாப்ரா நாணயத்தோடு கலந்துவிட்ட கணக்குகளை ஒழுங்காக மதிப்பிட வழியில்லை என்பது அரசு தரப்பின் சமாதானம். வழியில்லை என்பது உண்மையானால், வழி தேட ஒரு நியாயசபை அமைத்திருக்கலாம் அன்றோ? கணக்குத் தெரியவில்லை என்று சொல்லிக் கடன்காரன் தானே தொகையை நிர்ணயிப்பதை எந்த நீதிமன்றம் ஒப்புக்கொள்ளும்?

அதோடு முடியவில்லை. 1972-ல் அந்நிய வியாபார நிறுவனங்களின் பங்குகளை நைஜீரியர் வாங்க வேண்டும் என்ற சட்டம் வந்தது. நல்ல சட்டந்தான், அந்நியர் கையிலிருந்த செல்வம் சுதேசிகள் கைக்கு வந்தது. ஆனால் வாங்குவதற்குப் பணம் எங்கே? இரண்டு ஆண்டுகளுக்கு முன் இருபது பவுணோடு வீதிக்கு அனுப்பப்பட்டவன் அந்தச் சந்தையில் கைகட்டி நின்று பார்த்தான். அன்று பிந்தியவர்கள் எத்தனை ஆண்டுகள் பிந்திவிட்டார்கள்!

கைவிட்ட வீடுகள்

இனிக் காணி வழக்குக்கு வருவோம். போருக்கு அஞ்சி ஓடியவன் தன் வீட்டைக் கைவிட்டவனா? வடக்கே கானோ போன்ற நகரங்களில் இக்போ மக்கள் பலருக்கு வீடுகள் திரும்பக் கிடைத்தன; இடைக்காலத்து வாடகையைச் சேர்த்து வைத்திருந்து ஒப்படைத்த அயலவரும் இருந்தனர். படுகொலை நடந்த அதே வடக்கில் இது நடந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் போர்ட் ஹார்க்கோர்ட் துறைமுக நகரிலோ அவர்களின் வீடுகள் கைவிடப்பட்ட ஆதனங்கள் என்று பெயர் சூட்டப்பட்டு மற்றவர் வசமாயின. உறுதி கையிலிருந்தது, வீடு கையில் இல்லை.

அந்நகரத்து மக்கள் ஏன் அப்படி நடந்தார்கள்? கேட்க வேண்டிய கேள்வி அது. இஜோ, ஓகோனி, இக்வெரே முதலிய சிறிய இனத்தவர் வாழும் பகுதி அது. பழைய கிழக்கு மாகாணத்தில் இக்போ மக்கள் பெரும்பான்மையோர், இவர்கள் சிறுபான்மையோர். அக்காலத்திலே தங்களுக்கு உத்தியோகத்திலும் காணியிலும் நீதி கிடைக்கவில்லை என்ற மனக்குறை அவர்களுக்கு இருந்தது. நாட்டிலே சிறுபான்மையாக நின்று உரிமை கேட்பவன் தன் வீட்டிலே பெரும்பான்மையாக இருக்கும்போது எப்படி நடந்துகொள்கிறான் என்பதே அவன் கொள்கைக்கு உரைகல். அந்த உரைகல்லில் கிழக்கின் தலைவர்கள் தேறவில்லை என்று சொல்வதில் எமக்குத் தயக்கமில்லை.

அச்சிறிய இனத்தவருக்காவது விமோசனம் கிடைத்ததா? ஓகோனி இனத்து எழுத்தாளர் கென் சாரோ-விவா போரின்போது மத்திய அரசின் பக்கம் நின்றவர்; பொன்னித் துறைமுகத்தின் நிர்வாகியாகவும் கடமையாற்றியவர். ஆனால் மண்ணெண்ணெய்க்கும் பெற்றோலுக்கும் மூலமான எண்ணெய் அவர்கள் மண்ணிலே ஊறியது. 1969-ல் அந்த எண்ணெய் முழுவதும் மத்திய அரசின் சொத்து என்று சட்டமாயிற்று. சுதந்திரகால அமைப்பில் கனிப்பொருள் வருமானத்தின் சரிபாதி அது விளையும் மாகாணத்துக்கு உரியது. அந்தப் பங்கு பின்னர் படிப்படியாகத் தேய்ந்தது. 1999-ம் ஆண்டின் அரசியலமைப்பு குறைந்தது நூற்றுக்குப் 13 என்று விதித்தது. தம் மண்ணும் நீரும் எண்ணெயால் பாழாவதை எதிர்த்து இயக்கம் நடத்திய சாரோ-விவாவை, வேறு எண்மரோடு, 1995-ம் ஆண்டு நவம்பர் 10-ந் திகதி இராணுவ ஆட்சி தூக்கிலிட்டது. வென்ற பக்கத்தில் நின்றவனுக்கும் கிடைத்த பரிசு இது!

மக்கள் தாமே கட்டியவை

அரசு தராததை மக்கள் தேடிக்கொண்டார்கள். இக்போ கிராமங்களில் ஊர்ச் சங்கங்கள் உண்டு. ஊரை விட்டுப் போனவன் எந்த நகரத்தில் உழைத்தாலும் சங்கத்துக்குச் சந்தா அனுப்புவான். பாடசாலைக் கூரையும் பாதையும் அந்தப் பணத்தால் எழுந்தன. வியாபாரத்திலோ அவர்களிடம் பழையதொரு வழக்கம் இருந்தது. ஏழைச் சிறுவன் ஒருவன் வியாபாரியிடம் சில ஆண்டுகள் வேலை பழகுவான். தவணை முடிந்ததும் முதலாளி அவனுக்கு முதல் கொடுத்துத் தனிக்கடை வைத்துவிடுவார். நாளை அவனும் இன்னொரு சிறுவனைச் சேர்ப்பான். ஒனிச்சா, அபா, இன்னேவி ஆகிய இடங்களின் சந்தைகளை மீண்டும் உயிர்ப்பித்தது இந்த வழக்கமே. இருபது பவுணிலிருந்து ஓர் இனம் எழுந்து நின்றது என்றால் அது தன் கால்களால் எழுந்து நின்றது.

சட்டம் செய்ததும் செய்யாததும்

1979-ம் ஆண்டின் அரசியலமைப்பிலே போற்றத்தக்க விதிகள் சில உண்டு. ஜனாதிபதியாக வருபவர் அதிக வாக்குப் பெற்றால் மாத்திரம் போதாது. மூன்றில் இரண்டு பங்கு மாநிலங்களில் காற்பங்கு வாக்காவது பெற வேண்டும். ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் ஒரு மந்திரியாவது இருக்க வேண்டும். ஓர் இனத்தின் வாக்கை மட்டும் நம்பி எவரும் நாட்டை ஆள முடியாது என்பதே இதன் கருத்து. அவ்வாண்டு இக்போ இனத்தவரான அலெக்ஸ் எக்வுவேமே உப ஜனாதிபதியானார். போர் முடிந்து பத்தாண்டுகூட ஆகவில்லை! 1982-ல் ஒஜுக்வு மன்னிக்கப்பட்டு நாடு திரும்பினார். 2011-ல் அவர் இறந்தபோது அரச மரியாதையோடு அடக்கஞ் செய்யப்பட்டார்.

ஆனால் ஜனாதிபதிப் பதவி போருக்குப் பின் எந்த இக்போ இனத்தவருக்கும் கிட்டவில்லை. பயாப்ராவுக்காகப் போரிட்டதனால் நீக்கப்பட்ட இராணுவத்தினரின் நீக்கம் ஓய்வாக மாற்றப்பட்டது 2000-ம் ஆண்டிலேதான். முப்பது ஆண்டு காத்திருந்து இறந்தவனின் விதவைக்கு அதனால் யாது பயன்?

1999-ல் முன்னாள் உயர்நீதிமன்ற நீதியரசர் ஒபுட்டா தலைமையில் மனித உரிமை மீறல்களை விசாரிக்கும் ஆணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. 1966 ஜனவரி தொட்டு நடந்த கொடுமைகளை அது விசாரித்தது. ஊர் ஊராகச் சென்று சாட்சியம் கேட்டது. மக்கள் அழுது சொன்னார்கள். 2002-ல் அறிக்கை கையளிக்கப்பட்டது. அரசு அதைப் பிரசுரிக்கவில்லை. அப்படியொரு விசாரணை மன்றத்தை அமைக்க மத்திய அரசுக்கு அதிகாரமில்லை என்ற உயர்நீதிமன்றத் தீர்ப்பு பிற்பாடு அதற்குச் சாக்காயிற்று. சாட்சியைக் கூண்டில் ஏற்றி அழவைத்துவிட்டுத் தீர்ப்பைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவதைப் போன்ற கொடுமை பிறிதில்லை.

விளைவு என்ன? 1999-லேயே பயாப்ரா என்ற பெயரைத் தாங்கி ஓர் இயக்கம் மீண்டும் எழுந்தது. அதற்குப் பின்னும் வேறு இயக்கங்கள் எழுந்தன. அவற்றில் சேர்ந்த இளைஞரில் பெரும்பாலோர் போரைக் கண்ணால் கண்டவரல்லர். போரைக் காணாத பிள்ளை போரின் கொடியைத் தூக்குகிறான் என்றால், தகப்பனின் வழக்கு இன்னும் தீரவில்லை என்பதே அதன் பொருள்.

முடிவுரை

அன்பர்களே! 1983 முதல் 2009 வரை போர் நடந்த நாட்டிலே வாழும் நாம் இக்கதையைக் கேட்டு நைஜீரியரைக் குறைகூறிக் கலைந்துபோவதற்காகக் கூடவில்லை. ஒரு நாடு போருக்குப் பின் உண்மையாகவே எழுந்ததா என்பதை அறிய மூன்று கேள்விகள் போதும். ஓடிப்போனவனின் வீடு அவனுக்குத் திரும்பக் கிடைத்ததா? இழந்தவனின் கணக்கு நேர்மையாகப் பார்க்கப்பட்டதா? இறந்தவனைப் பற்றிய உண்மை ஊரறிய எழுதப்பட்டதா? பாலங்களும் வீதிகளும் மாளிகைகளும் எத்தனை எழுந்தாலும் இம்மூன்றுக்கும் விடை இல்லையேல் போர் முடிந்ததென்று சொல்லலாம். சமாதானம் வந்ததென்று சொல்ல முடியாது.

நாலாவது கேள்வி ஒன்றும் உண்டு. அது நம்மை நாமே கேட்க வேண்டியது. நமக்குக் கீழே, நம்மிலும் சிறியவராய் நிற்பவருக்கு நாம் என்ன நீதி செய்தோம்? இதற்கு விடை சொல்லக்கூடியவனே முதல் மூன்று கேள்விகளையும் தலைநிமிர்ந்து கேட்கலாம்.