கை மாற்றிப் பிடித்த குழல்



இன்று ஒரு குழல் கலைஞரைப் பற்றிப் பேசுவோம். அவர் பெயர் ஹரிபிரசாத் சௌராசியா. 1938-ஆம் ஆண்டு அலகாபாத்தில் பிறந்தார். அந்த ஊரின் இன்றைய பெயர் பிரயாக்ராஜ்.

அவருடைய அப்பா மல்யுத்த வீரர். மகனும் மல்யுத்தம் பழக வேண்டும் என்பது அவர் ஆசை. மகன் மனமோ பாட்டில் இருந்தது. அப்பாவுக்குத் தெரியாமல் பாட்டுக் கற்றார். பிறகு போலாநாத் பிரசன்னா என்பவரிடம் குழல் கற்றார்.

வடநாட்டுக் குழலுக்குப் பன்சூரி என்று பெயர். வெறும் மூங்கில்தான். ஊத ஒரு துளை, விரல்களுக்கு ஆறு துளை. ஆனால் வாசிக்க நிறைய மூச்சு வேண்டும். மல்யுத்தத்தில் பெற்ற உடல் வலு அதற்கு உதவியது.

1957-இல் கட்டாக் வானொலியில் வேலை கிடைத்தது. பிறகு பம்பாய் போனார். சினிமாப் பாட்டுகளுக்கு வாசித்தார். பணம் வந்தது. பெயரும் வந்தது. ஆனாலும் மனம் நிறையவில்லை. இன்னும் ஆழமாகக் கற்க விரும்பினார்.

பம்பாயில் அன்னபூர்ணா தேவி என்ற அம்மையார் இருந்தார். அவர் வாசித்தது சுர்பஹார் என்ற தந்தி வாத்தியம். குழல் அல்ல. மாணவர்களுக்குப் பாடிக் காட்டியே கற்பிப்பார். சௌராசியா அவரிடம் போய்க் கேட்டார். அம்மையார் உடனே சம்மதிக்கவில்லை. பழையதை விட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றார்.

சௌராசியா என்ன செய்தார் தெரியுமா? வலக்கைப் பழக்கத்தை விட்டார். குழலை இடப்பக்கம் மாற்றிப் பிடித்தார். பழகிய விரல்கள் புதிதாகப் பழக வேண்டும். பேர் பெற்ற கலைஞர் மறுபடி மாணவர் ஆனார். வளர்ந்த பிறகு பென்சில் பிடித்த நமக்கு அந்தச் சிரமம் தெரியும் அல்லவா?

அந்தப் பயிற்சி வீண் போகவில்லை. 1987-இல் ஓர் இசைத்தட்டு வந்தது. அதில் ஜாகிர் உசேன் தபலா வாசித்தார். இங்கிலாந்துக்காரர் ஒருவர் கிதார் வாசித்தார். நார்வே நாட்டுக்காரர் ஒருவர் சாக்சபோன் ஊதினார். அவர்களோடு சௌராசியாவின் குழலும் சேர்ந்தது. மொழி வேறு, நாடு வேறு. ஒருவர் வாசிப்பதை மற்றவர் காது கொடுத்துக் கேட்டார். அதனால் இசை ஒன்றாகச் சேர்ந்தது.

பின்னர் ஹாலந்து நாட்டின் ராட்டர்டாம் நகர இசைக் கல்லூரியிலும் அவர் கற்பித்தார். அங்கே வெளிநாட்டு மாணவர்கள் நம் ராகங்களைக் கற்றார்கள்.

அடுத்தவர் இசையோடு சேர்ந்ததால் அவர் தம் ராகத்தை இழக்கவில்லை. தம் இசையை ஆழமாகக் கற்றவர் அவர். அதனால் பயமில்லாமல் கை கோத்தார்.

கற்க ஆசைப்பட்டுப் பாதியில் விட்டது நம் ஒவ்வொருவருக்கும் ஒன்று இருக்கும். அது எது? பக்கத்தில் இருப்பவரிடம் இன்று சொல்லுங்கள். முதலிலிருந்து தொடங்குவது வெட்கம் அல்ல.