ஒளியிழந்த முகவிளக்குகள்

உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றெனப் புகழ்பெற்றது திருகோணமலை. அந்தப் புகழைத் தந்த கடலே அவ்வூர் மோட்டார் வண்டிகளுக்கு ஓயாத பகையாகவும் இருக்கின்றது. உப்புக்காற்று இரும்பைத் தின்னும் என்பதை எல்லோரும் அறிவர். அது வெளிச்சத்தையும் தின்னும் என்பதைப் பலர் முகவிளக்கு அணைந்த இரவிலேதான் அறிகின்றனர்.

அந்த இரவு நகரத் தெருவில் வாய்த்தால் தொல்லை சிறிது. கந்தளாயைக் கடந்து ஹபரணை நோக்கிச் செல்லும் காட்டுவழியில் வாய்த்தாலோ உயிருக்கே ஆபத்து. அங்கே யானைகள் பாதையைக் குறுக்கிடுவதுண்டு. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீற்றர் முன்னேறிவிடும். இருளோடு இருளாக நிற்கும் யானையைக் கண்டு வண்டியை நிறுத்த எவ்வளவு நேரந்தான் எஞ்சும்?

விளக்கு எரியாவிட்டால் உடனே புதிய மின்குமிழ் வாங்க ஓடுவது பலரின் இயல்பு. நோயை அறிந்த பின்னரன்றோ மருந்தைத் தேடவேண்டும்! ஒரு விளக்கு மட்டும் அணைந்திருந்தால், அதன் குமிழை மறுபக்கத்தில் பொருத்திப் பார்க்கலாம். குற்றம் குமிழிலா, கம்பியிலா என்பது விளங்கிவிடும். இரண்டும் ஒருங்கே அணைந்தால், உருகி, ரிலே, ஆளி ஆகியவற்றை முறையே ஆராய்தல் வேண்டும். இரு குமிழ்களும் ஒரே கணத்தில் கெடுதல் அரிது.

இவையெல்லாம் நல்லனவாயிருந்தும் ஒளி மங்கினால், அல்லது அடியோடு மறைந்தால், புவித்தொடுப்பை நோக்குக. கடலோரத்தில் பெரும்பாலும் இதுவே கள்வன். உப்பு ஈரத்தைப் பிடித்துவைக்கும். செப்புக் கம்பியின் நுனியிற் பச்சைக் களிம்பு படரும். திருகாணியைச் சுற்றித் துரு ஏறும். பற்றரியிலிருந்து விளக்குக்கு வந்த மின்னோட்டம் திரும்பிச் செல்ல வழியின்றித் தவிக்கும். விளக்கின் புவித்தொடுப்பு முனையை ஒரு கம்பியாற் பற்றரியின் மறைமுனையோடு இணைத்துப் பாருங்கள். ஒளி பிறந்தால் நோய் அகப்பட்டது. துருவைச் சுரண்டி, திருகாணியை இறுக்கி, மேலே சிறிது கிறீஸ் பூசினாற் போதும்.

நேயர்கள் இரண்டு எச்சரிக்கைகளை மறத்தலாகாது. எரிந்த உருகிக்குப் பதிலாகச் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றுவோர் உளர். கம்பிகள் எரியாதிருக்கத் தன்னை எரித்துக்கொள்வது உருகி. அதனை ஏமாற்றினால் வண்டியே தீப்பற்றலாம். அதே அம்பியர் அளவுள்ள உருகியையே இடுக. அதுவும் எரிந்தால், எங்கோ ஒரு கம்பி தோலுரிந்து உடற்றகட்டைத் தொடுகின்றது என்பது பொருள். இனி, ஹலோஜன் குமிழின் கண்ணாடியை வெறும் விரலால் தொடுதல் கூடாது. விரலின் எண்ணெய் படிந்த இடம் மிகச் சூடேறிக் குமிழின் ஆயுளைக் குறைக்கும்.

எல்.ஈ.டி. விளக்குள்ள புதிய வண்டிகளில் குமிழ் தனியே கழலாதிருக்கலாம். அவற்றைக் கராஜில் ஒப்படைப்பதே நன்று. எவ்வண்டியாயினும், பொழுது சாயுமுன் விளக்கை ஒருமுறை எரித்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். விளக்கில்லையெனில் அன்றிரவு கந்தளாயிலேயே தங்குக. விடிந்தபின் அதே பாதை அங்கேதான் இருக்கும்.