சிட்டி வெர்சஸ் ஸ்கைநெட்: சண்டைக்கு முன்னாடி ரூல்ஸ் பேசிடலாம்

(எபிசோட் ஆடியோவிலிருந்து எழுத்தாக்கியது. திரும்பத் திரும்ப வந்த வாக்கியங்களையும் இருமலையும் எடுத்துட்டோம்.)

போன எபிசோடுக்கு வந்த மெசேஜ்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான். சிட்டியும் டெர்மினேட்டரும் மோதினா யாரு ஜெயிப்பா? இன்னும் சிலர் ஒரு படி மேல போய், ஸ்டார் வார்ஸ் எம்பயரும் ஸ்டார் ட்ரெக் ஃபெடரேஷனும் மோதினா என்ன ஆகும்னு கேட்டிருக்காங்க. ஒருத்தர் மட்டும் "ரஜினி சார் இருக்கும்போது இதெல்லாம் ஒரு கேள்வியா" ன்னு எழுதியிருந்தார். அவருக்கு என்னோட மரியாதைகள். ஆனா அது பதில் இல்லை தலைவா, அது பக்தி.

இன்னைக்கு உட்கார்ந்து முறையா பேசிடலாம். முறையான்னா, முதல்ல ரூல்ஸ்.

மீஞ்சூர்ல இருந்து வடக்கால, பழவேற்காடு ஏரிப் பக்கம் போனா 'பாடு' ன்னு ஒரு ஏற்பாடு இருக்கு. ஏரியில நல்லா மீன் விழற இடம் கொஞ்சம்தான். எல்லாரும் ஒரே நேரத்துல வலை போட்டா அடிதடிதான் மிஞ்சும். அதனால எந்தக் குப்பத்துக்கு எந்த நாள், யாருக்கு எந்த இடம்னு சீட்டுக் குலுக்கி முறை வச்சிருக்காங்க. தலைமுறை தலைமுறையா வர்ற வழக்கம். ரொம்ப ரொமான்டிசைஸ் பண்ண வேணாம், அந்த முறைக்குள்ள பங்கு இல்லாத ஜனங்களும் அதே ஏரியை நம்பித்தான் பிழைக்கிறாங்க, அதுல சண்டையும் உண்டு. ஆனா தண்ணியில இறங்கறதுக்கு முன்னாடியே முறையை முடிவு பண்ணிக்கிறாங்க பாருங்க, அது ஃபேன்ஸ் சண்டையில சுத்தமா இல்லை. சண்டை ஆரம்பிச்சு அரை மணி நேரம் கழிச்சுத்தான் "அது வேற பார்ட், அந்தப் பவர் கணக்குல வராது" ன்னு ஆரம்பிப்பாங்க.

இந்தச் சண்டையைப் பல வருஷம் உட்கார்ந்து, கால்குலேட்டர் வச்சுப் போட்டவங்க ட்ரெக், வார்ஸ் ஆளுங்கதான். ட்ரெக் 1966-ல டிவியில வந்தது, முதல் ஸ்டார் வார்ஸ் 1977-ல. ரெண்டும் விண்வெளி, ரெண்டுலயும் கப்பல், ரெண்டுலயும் பீம் அடிக்கிறாங்க. மோதல் வராம இருக்குமா?

ட்ரெக் ஆளுங்க கையில 1991-ல ஒரு டெக்னிகல் மேனுவல் வந்தது. அந்த சீரியல்ல வேலை பார்த்த ஸ்டெர்ன்பாக், ஒகூடா ரெண்டு பேரும் எழுதினது. அதுல ஒரு ஃபோட்டான் டார்பிடோவுக்குள்ள 1.5 கிலோ ஆன்ட்டிமேட்டர்னு போட்டிருக்கும். சரி, ப்ளஸ் டூ ஃபிசிக்ஸ்தான். 1.5 கிலோ ஆன்ட்டிமேட்டர், அதே அளவு சாதாரண மேட்டர், மொத்தம் 3 கிலோ முழுசா எனர்ஜியா மாறுது. ஈ ஈக்வல் டு எம் சி ஸ்கொயர் போட்டா சுமார் 64 மெகாடன் வரும்.

இந்த மெகாடன் எனக்கு மனசுல நிக்கவே நிக்காது. அதனால நம்ம ஊர் யூனிட்டுக்கு மாத்திக்கிட்டேன். மீஞ்சூர்ல இருந்து சென்னைக்கு ட்ரெயின்ல போறவங்க வல்லூர் அனல் மின் நிலையத்தோட சிம்னியைப் பார்த்திருப்பீங்க. 500 மெகாவாட் யூனிட் மூணு, மொத்தம் 1500 மெகாவாட். அது ஒரு நொடி கூட நிக்காம, முழு லோடுல, கிட்டத்தட்ட 5 வருஷம் 8 மாசம் ஓடினா என்ன மின்சாரம் வருமோ, அவ்வளவும் ஒரே ஒரு டார்பிடோவுக்குள்ள. டார்பிடோ ஒண்ணு ஈக்வல் டு 5.7 வல்லூர் வருஷம். இனிமே இதான் யூனிட்.

ட்ரெக் ஆளுங்க கொஞ்ச நாள் சந்தோஷமா இருந்தாங்க. 2002-ல அட்டாக் ஆஃப் த க்ளோன்ஸ் படத்தோட கப்பல்களை வெட்டிக் காட்டற ஒரு படப் புத்தகம் வந்தது. எழுதினவர் கர்ட்டிஸ் சாக்ஸ்டன், படிப்புல ஆஸ்ட்ரோஃபிசிசிஸ்ட், மனசுல ஸ்டார் வார்ஸ் வெறியர். ஒரு துருப்புக் கப்பலோட பெரிய பீரங்கிக்கு, ஒரு ஷாட்டுக்கு 200 கிகாடன்னு அவர் போட்டுட்டார். மெகா இல்ல மக்களே, கிகா. நம்ம யூனிட்ல ஒரு ஷாட்டுக்குச் சுமார் 17,700 வல்லூர் வருஷம். மனுஷங்க இதுவரை வெடிச்சதுலயே பெரிய குண்டு, 1961-ல சோவியத் யூனியன் வெடிச்சது, 50 மெகாடன். இது அதைப் போல 4000 மடங்கு, அதுவும் துருப்பு ஏத்திட்டுப் போற கப்பல்ல.

ட்ரெக் பக்கம் கொதிச்சுட்டாங்க. அவங்க வாதமும் நியாயமானதுதான். திரையில பாருங்கடா, அந்த பீரங்கி பட்டா ஒரு லாரி வெடிச்ச மாதிரி புகை வருது, அவ்வளவுதான். 200 கிகாடன்னா அந்த ஊரே ஆவியாகியிருக்கணுமே? ஆக, புத்தகத்துல இருக்கிற எண் உண்மையா, திரையில தெரியறது உண்மையா? சண்டையோட உயிர்நாடியே இதுதான். கப்பல், பீரங்கி எல்லாம் அதுக்கு அப்புறம்.

இதுல டெத் ஸ்டாரை நான் சேர்க்கவே மாட்டேன். பூமி சைஸ் கிரகத்தைத் தன்னோட ஈர்ப்பு விசையையும் மீறிச் சிதறடிக்கணும்னா 2-க்குப் பின்னாடி 32 சைபர் போட்ட அளவுக்கு ஜூல் வேணும். சூரியன் ஒரு வாரம் பூரா எல்லாத் திசையிலயும் வெளியே விடற சக்தி அது. அதைச் சில நொடியில ஒரே பக்கமா அனுப்பறாங்க. அந்த ஆயுதம் இருந்தா விவாதம் முடிஞ்சுது, வீட்டுக்குப் போகலாம். ரூல்ஸ்ல அதுக்குத் தடை போட்டாதான் மேட்ச்.

என்னைக் கேட்டா தீர்ப்பு பீரங்கியில இல்லை, வேகத்துல இருக்கு. ட்ரெக்கோட வாயேஜர் கப்பல் 70,000 ஒளியாண்டு தூரத்துல மாட்டிக்குது, வீடு திரும்ப 75 வருஷம்னு முதல் எபிசோட்லயே சொல்லிடறாங்க. வகுத்துப் பாருங்க, ஒளியைப் போலச் சுமார் 930 மடங்கு வேகம். ஸ்டார் வார்ஸ்ல கேலக்ஸியோட இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்கு ஏதோ கோயம்பேட்டுல பஸ் ஏறின மாதிரி போயிட்டு வர்றாங்க. எதிரி ஒரு முறை நகர்றதுக்குள்ள நீ பத்து இடத்துல அடிச்சுட்டு வந்துடலாம். அப்புறம் டார்பிடோவுக்குள்ள என்ன இருந்தா என்ன? பழவேற்காட்டுல ஏலத்துக்கு முதல்ல கரை சேர்ற போட்டுக்கு இருக்கிற மரியாதை, பெரிய வலை வச்சிருந்தும் லேட்டா வர்ற போட்டுக்குக் கிடையாது. என் ஓட்டு எம்பயருக்கு. திட்டறவங்க திட்டலாம்.

ஆனா இந்தக் கதையில ஒரு சோகம் இருக்கு. 2014 ஏப்ரல்ல லூகாஸ்ஃபிலிம் ஓர் அறிவிப்பு விட்டது. இதுவரை வந்த நாவல், காமிக்ஸ், விரிவாக்கக் கதை எல்லாம் இனி 'லெஜண்ட்ஸ்', புதுப் படங்களை அது கட்டுப்படுத்தாது. பத்துப் பன்னிரண்டு வருஷம் அந்த எண்களை வச்சுத் தூக்கம் கெட்டு வாதாடின ஆட்களோட சாட்சியத்துல பெரும்பகுதி ஒரே நாள்ல போச்சு. நான் சாஃப்ட்வேர்ல இருக்கேன், நாம சார்ந்திருக்கிற லைப்ரரியை யாரோ ஒருத்தன் ஒரு காலையில "இனி சப்போர்ட் இல்லை" ன்னு சொன்னா எப்படி இருக்கும்னு தெரியும். இது அதைவிட மோசம். ஏன்னா அங்க மாத்து லைப்ரரி கிடைக்கும். அந்தப் பிரபஞ்சத்தை நேசிச்சவன் ஒருத்தன், அதுல எது உண்மைன்னு சொல்ற உரிமை வேற ஒருத்தன் கையில.

சரி, நம்ம பக்கம் வருவோம்.

எந்திரன் 2010 அக்டோபர் 1-ல வந்தது. சிட்டியோட ஸ்பெக் படத்துலயே சொல்லிடறாங்க, ஸ்பீடு 1 டெராஹெர்ட்ஸ், மெமரி 1 ஜெட்டாபைட். எல்லாரும் கைத்தட்டிட்டுப் போயிட்டாங்க, யாரும் கணக்குப் போடலை. போட்டுப் பாருங்க. 1 டெராஹெர்ட்ஸ்னா இன்னைக்கு நம்ம வேகமான பிராசஸரைப் போல 200 மடங்கு. ஒரு க்ளாக் சைக்கிள்ல வெளிச்சமே 0.3 மில்லிமீட்டர்தான் நகரும், ஒரு அரிசி மணியோட தடிமன் கூட வராது. அப்படீன்னா சிப்போட ஒரு மூலையில இருந்து இன்னொரு மூலைக்கு சிக்னல் போய்ச் சேர்றதுக்குள்ள பல சைக்கிள் ஓடிடும். வசீகரன் சார் அதை எப்படி டிசைன் பண்ணார்னு நிஜமாவே தெரிஞ்சுக்கணும். 1 ஜெட்டாபைட் இன்னும் மோசம். 20 டெராபைட் ஹார்ட் டிஸ்க் 5 கோடி வேணும். ஒண்ணு சுமார் 700 கிராம்னு வச்சா 35,000 டன். சந்திரயான்-3-ஐத் தூக்கிட்டுப் போன எல்விஎம்-3 ராக்கெட்டோட எடை 640 டன். சிட்டியோட மூளை மட்டும் கிட்டத்தட்ட 55 ராக்கெட் எடை. கூலிங் கிளாஸ் தனி.

இப்ப டெர்மினேட்டர். ஒத்தைக்கு ஒத்தை, டி-800-ஐ எதிர்த்து சிட்டி, ஓப்பன் கிரவுண்ட். இதுல சிட்டிக்கு ஒரு விஷயம் சாதகம், யாரும் கவனிக்காதது. அந்தத் திருவிழாச் சண்டையில சிட்டி மேக்னட் மோட் போட்டு எல்லா ஆயுதத்தையும் இழுக்கும் ஞாபகம் இருக்கா? 2003-ல வந்த டெர்மினேட்டர் 3-ல, டி-எக்ஸ் ரோபோவை ஒரு பார்ட்டிகிள் ஆக்சிலரேட்டரோட காந்தப் புலத்துல ஒட்ட வச்சுடறாங்க. அதாவது ஸ்கைநெட்டோட ஹை எண்ட் மாடலே காந்தத்துக்கு மாட்டும்னு அவங்க படத்துலயே ஆதாரம் இருக்கு! டி-எக்ஸ் வந்தா சிட்டி ஜெயிச்சாச்சு. டி-800-க்கும் அதே விதி பொருந்தும்னு நான் வாதாடுவேன், நீங்க மறுக்கலாம். டி-1000 வந்தா மட்டும் எனக்குக் கொஞ்சம் பயம்தான், உருகி ஓடற ஆளை எங்க பிடிக்கிறது.

ஆனா யூனிவர்ஸ் வெர்சஸ் யூனிவர்ஸ்னு போனா கதை வேற. ஸ்கைநெட் ஒரே நாள்ல அணு ஆயுதத்தைத் தட்டிவிட்டு 300 கோடிப் பேரைக் கொன்ன ஆளு. அதை நிறுத்த அங்க யாருமே இல்லை, சிஸ்டம் பூரா அதோட கையில. சிட்டி? முதல்ல ஒரு அப்ரூவல் கமிட்டி முன்னாடி நிக்குது, போரா சார் ரிஜெக்ட் பண்றார். கடைசியில கோர்ட் உத்தரவு, பிரிச்சுடுங்கன்னு. சிட்டி என்ன பண்ணுது? தன் கையாலயே தன்னைக் கழட்டி வைக்குது. நம்ம யூனிவர்ஸ்ல எந்த மிசைலும் செய்யாததை ஒரு அரசாங்கப் பேப்பர் செஞ்சுடுது. சிரிப்புக்குச் சொல்லலை. ஸ்கைநெட்டுக்கு அப்படி ஒரு கமிட்டி இருந்திருந்தா அந்தப் படமே கிடையாது. சண்டையில நாம தோப்போம், ஆனா எந்த உலகத்துல குடியிருப்பீங்கன்னு கேட்டா நான் கமிட்டி இருக்கிற ஊருக்குத்தான் அட்வான்ஸ் குடுப்பேன்.

சுஜாதா சாரைப் பேசாம இந்த டாபிக்கை விட முடியாது. எந்திரன்ல அவர் கை இருக்கு, படம் வர்றதைப் பார்க்க அவர் இல்லை, 2008-லேயே போயிட்டார். அதுக்கு ரொம்ப முன்னாடி விகடன்ல 'என் இனிய இயந்திரா' எழுதினார். அங்க ஹீரோ ஜீனோ, ஒரு நாய் சைஸ் ரோபோ. பீரங்கி கிடையாது, மேக்னட் கிடையாது. புத்தகம் படிக்கும், வாய் பேசும், யோசிக்கும். எதிர்ல நாட்டையே பிடியில வச்சிருக்கிற ஜீவா. ஸ்பாய்லர் வேண்டாம்னா பத்து செகண்ட் தள்ளிப் போயிடுங்க. அந்த ஜீவாங்கிற ஆளே நிஜம் இல்லை, ஹாலோகிராம். அவனை எத்தனை கிகாடன் போட்டு அடிப்பீங்க? 200 கிகாடன் அடிச்சாலும் மறுநாள் காலையில திரையில வந்து வணக்கம் சொல்வான். பவர் லெவல் கணக்கு செல்லாத ஒரு யூனிவர்ஸை நம்மாளு எண்பதுகள்லயே எழுதி வச்சிருக்கார். ஜீனோவை எந்தச் சண்டையிலயும் சேர்க்காதீங்க, ப்ளீஸ். சேர்த்தா அது ரூல்ஸ் புத்தகத்தை முழுசாப் படிச்சுட்டு ஓட்டை கண்டுபிடிச்சுடும்.

இன்னும் பழசு ஒண்ணு, 1963-ல எம்ஜிஆர் நடிச்ச 'கலை அரசி'. வேற்றுக் கிரகத்துல இருந்து பறக்கும் தட்டுல வர்றாங்க. எதுக்கு? பூமியைப் பிடிக்கவா? இல்லை, பாட்டுச் சொல்லிக்குடுக்க பானுமதியைக் கடத்திட்டுப் போக! அந்த ஊர்ல விஞ்ஞானம் இருக்கு, சங்கீதம் இல்லை. ஸ்டார் டிஸ்ட்ராயர் எதிர்ல வந்து நின்னா இவங்க முதல்ல "உங்ககிட்ட யாராவது பாடுவாங்களா" ன்னு கேப்பாங்க. இதை எந்த டேபிள்ல எந்தக் காலம்ல போடுறது?

ஒரு விஷயம் சொல்லிட்டு முடிச்சுக்கிறேன். இவ்வளவு நேரம் ஜூல், டன், ஒளியாண்டு எல்லாம் எண்ணினோம். எந்தக் கணக்குலயும் கீழ இருக்கிற ஜனத்தை எண்ணலை. வல்லூர் யூனிட்னு ஜாலியாச் சொன்னேன்ல, அனல் மின் நிலையம்னா சாம்பலும் உண்டு, அது கழிமுகத்துல என்ன பண்ணுச்சுன்னு எண்ணூர் பக்கம் வலை வீசறவங்களைக் கேட்டா மெகாவாட் கணக்கை விட நீளமாச் சொல்லுவாங்க. பழவேற்காட்டுல இருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சத்துல ஸ்ரீஹரிகோட்டா லாஞ்ச் பேட். 2023 ஜூலை 14 மத்தியானம் 2:35-க்கு சந்திரயான்-3 கிளம்பினது அங்க இருந்துதான். ஏரிக்கரையில நின்னா முதல்ல நெருப்புத் தெரியும், சத்தம் வந்து சேர ஒன்றரை நிமிஷம் ஆகும். அதுக்குள்ள ராக்கெட் எங்கேயோ போயிருக்கும். விண்வெளிக்கு அவ்வளவு பக்கத்துல இருக்கிற ஊர் இது. அதே லாஞ்ச் நாள்ல, கடலுக்குப் போகாதீங்கன்னு அங்க இருக்கிற குப்பங்களுக்கு அறிவிப்பும் வரும். பாதுகாப்புக்குத்தான், நியாயம்தான். ஆனா ராக்கெட் பார்த்துக் கைத்தட்டற அந்தக் கையில அன்னைக்கு மீன் இல்லை. லாஞ்ச் தள்ளிப் போனா இன்னொரு நாளும் போகும். ஈடு குடுங்கன்னு அவங்க கேட்டுட்டே இருக்காங்க.

அல்டரான் கிரகம் வெடிச்சப்ப அங்க மீன் பிடிச்சுட்டு இருந்தவன் யாருன்னு எந்த டெக்னிகல் மேனுவல்லயும் போடலை. நான் ஒரு எபிசோட் முழுக்க அவனைப் பத்தி கேட்பேன், யாராவது எழுதினா.

இப்போதைக்கு இதான். இந்தத் தடவை யாரு ஜெயிப்பான்னு மட்டும் அனுப்பாதீங்க. உங்க ரூல்ஸையும் சேர்த்து அனுப்புங்க, எது கணக்குல வரும், எது வராது, ஏன். அடுத்த எபிசோட்ல சூர்யாவோட '24' வாட்சை எடுக்கிறோம். நேரத்தையே நிறுத்தறவன்கிட்ட பீரங்கி வச்சு என்ன பண்றதுன்னு பார்ப்போம். பை மக்களே.